யுத்தமும் மண்ணெண்ணெயும்

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுட்டது. அந்தத் தாக்குதலில் முதலில் பற்றி எரிந்தவை பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தாங்கிகள். கோட்டையும் படைமுகாமும் இருந்த பட்டினத்திலே பகைவன் குறிபார்த்தது எண்ணெயை. நகர மக்கள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ஓடினர். கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையோரமாகச் சென்று மறைந்தது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்றினால் அழிக்கப்படும்வரை இந்து சமுத்திரத்தின் வாணிபத்தை அது நடுங்க வைத்தது. கப்பல்கள் துறைமுகங்களை விட்டுப் புறப்பட அஞ்சின. காப்புறுதிக் கட்டணம் ஏறியது. 'அவன் பெரிய எம்டன்' என்று கெட்டிக்காரனையும் முரடனையும் இன்றும் நாம் சொல்கிறோம். ஒரு யுத்தக் கப்பல் நம் பேச்சுமொழிக்கு விட்டுச் சென்ற சொத்து அது.

சென்னையில் எரிந்த எண்ணெயின் சொந்தக்காரர் யார் என்று சற்று நோக்குவோம். பர்மா எண்ணெய்க் கம்பெனி ஸ்கொத்லாந்து முதலாளிகளுடையது. பர்மாவின் கிணறுகளில் எடுத்த எண்ணெயை மண்ணெண்ணெயாக்கி இந்திய உபகண்டத்தின் குடிசை விளக்குகளுக்கு விற்று அது வளர்ந்தது. அந்த இலாபத்தைக் கொண்டே பாரசீகத்தில் எண்ணெய் தேடியது. 1909இல் ஆங்கிலோ - பாரசீக எண்ணெய்க் கம்பெனியைத் தோற்றுவித்தது. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கடற்படை அமைச்சராயிருந்த சேர்ச்சிலின் முயற்சியால், 1914இல் பிரித்தானிய அரசாங்கமே அக்கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேற்பட்டதை வாங்கிக்கொண்டது. தமிழ்க் கிராமத்தின் சிமினி விளக்கில் எரிந்த காசு ஏகாதிபத்தியத்தின் போர்க்கப்பலுக்கு எண்ணெய் வார்த்த கதை இதுவாகும். யுத்தம் மூளும் தறுவாயில், ஜூலை 31ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தை கதவடைத்தது. 1915 ஜனவரி 4ஆம் நாள் வரை அது திறக்கப்படவில்லை. பங்கு வைத்திருந்தோர் நட்டமடையாதிருக்கச் சந்தைக்கே ஐந்து மாதம் விடுமுறை கொடுத்தார்கள். தானியக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் அத்தகைய விடுமுறையை எந்த அரசாங்கமும் கொடுத்ததாக நாம் அறியோம்.

யுத்தம் விலையை ஏற்றும் என்பதை எவரும் அறிவர். ஏறிய விலையின் இலாபம் எங்கே போய்ச் சேர்கிறது, அதனைக் கட்டியவன் யார் என்னும் கேள்வியைப் பொருளாதார நூல்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு அக்கேள்வி ஏட்டுச் சுரைக்காயன்று. கடந்த நூறாண்டில் நாம் அதை மூன்று நான்கு முறை அனுபவித்திருக்கிறோம்.

முதலாவது அனுபவம் மலாயாவைச் சார்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூறிலிருந்து, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே கல்வீடுகள் எழுந்தன, காணிகள் கைமாறின, சீதனங்கள் கொடுபட்டன, பாடசாலைகளும் கோயில்களும் திருத்தம் பெற்றன. 'மலாயன் பென்சன்காரர்' என்றொரு வகுப்பே குடாநாட்டில் உருவாயிற்று. தொழிற்சாலையோ ஆலையோ கட்டாமல், ஓர் ஏகாதிபத்தியத்தின் நிலைபேற்றிலேயே தன் சேமிப்பு முழுவதையும் முதலீடு செய்த சமுதாயம் நமது. 1941 டிசெம்பர் 8ஆம் நாள் யப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபதே நாளில் அந்த முதலீடு சரிந்தது. கடிதமும் இல்லை, மணியோடரும் இல்லை. உயிரோடிருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத கணவரை எண்ணி இங்கே குடும்பங்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்தன. அங்கே சிக்கியோர் யப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகளில் சம்பளம் பெற்றார்கள். 1945இல் பிரித்தானியர் திரும்பி வந்தபோது அந்நோட்டுகள் வெறுங் கடதாசியாயின.

அதே யுத்தம் இலங்கையின் இறப்பரைப் பொன்னாக்கியது. மலாயாவை இழந்த நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கும் முக்கிய இடமாக இலங்கை எஞ்சியது. மரம் பாழானாலும் பாதகமில்லை என்று கண்டபடி பால் வெட்டப்பட்டது. 1950 ஜூனில் கொரிய யுத்தம் தொடங்கியதும் இறப்பர் விலை மறுபடி பாய்ந்தேறியது. கொழும்பில் ஆட்சியிலிருந்தோர் அதை நிரந்தரச் செல்வமென மயங்கினர். 1952இல் இறப்பர் விலை விழுந்தது. அரிசி விலையோ விழவில்லை. அந்த ஆண்டு டிசெம்பரில் மக்கள் சீனத்துடன் செய்யப்பட்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்ற கணக்கில், ஓரளவு மூச்சுவிட வழிசெய்தது. ஆயினும் 1953இல் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இறப்பர் ஏறியபோது கிடைத்த இலாபத்தில் கொத்தரிசிக்காரனுக்குப் பங்கு கேட்டு எவரும் வரவில்லை; இறங்கியபோது மாத்திரம் அவனைத் தேடி வந்தார்கள்.

இவையெல்லாம் தொலைதேசத்து யுத்தங்கள். யுத்தம் நம் முற்றத்துக்கே வந்தபோது நடந்தது வேறு.

கொழும்புத்துறை, யாழ்ப்பாண நீரேரியின் கரையில் அமைந்த ஊர். கரையில் நின்று நோக்கினால் எதிரே நீர். நீருக்கு அப்பால் வன்னிப் பெருநிலத்தின் பூநகரிப் பக்கம். ஊரின் பெயரிலேயே துறை இருக்கிறது. மீன்பிடித்தல் இங்கு வாழும் பலரின் சீவனோபாயம். பாசையூரும் குருநகரும் மேற்கே அடுத்தடுத்து உள்ளன. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அறுந்தது. கடற்றொழில் தடைக்கும் சூட்டுக்கும் உள்ளாயிற்று. அதன்பின் கொழும்பு அரசாங்கம் வடக்கே கொண்டு செல்லக் கூடாத பொருள்களின் பட்டியலொன்றை நடைமுறைப்படுத்தியது. பெற்றோல், டீசல், பசளை, சீமெந்து, மின்கலம் என அது நீண்டது. மண்ணெண்ணெய்க்கு மட்டுப்பாடு. மருந்துகளிலும் பல தடைக்குள்ளாயின. இவை போருக்குப் பயன்படக்கூடியவை என்பது அரசாங்கத்தின் வாதம். அவ்வாதத்தின்படி நோக்கின், குழந்தை படிக்கும் விளக்கும் போர்க்கருவியே.

விளக்கைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஜாம் போத்தல் விளக்கு என்று அதற்குப் பெயர். போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சிலே ஊறிய சிறிது மண்ணெண்ணெய், அதிலிருந்து எழும் மெல்லிய திரி. போத்தலே சிமினியாகக் காற்றை மறைக்கும். ஒரு சிறங்கை எண்ணெயில் பல இரவு எரியும். அந்த மங்கிய ஒளியில் ஒரு தலைமுறை க.பொ.த. பரீட்சைகளுக்குப் படித்துத் தேறியது. நானும் அரிச்சுவடியை அதன் கீழேதான் தொடங்கினேன். மின்கலம் இல்லாமையால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார் சைக்கிளும் பழைய மொறிஸ் மைனர் வண்டிகளும் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. வீதி முழுதும் புகை. பத்திரிகைக் கடதாசி இல்லாதபோது கோடிட்ட பயிற்சிக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாயிற்று. இவற்றை நம்மவரின் கெட்டித்தனத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேசுவோர் உளர். கெட்டித்தனம் உண்மையே. ஆனால் அந்தப் பேச்சிலே, வறுமையை மக்கள் மீது சுமத்தியவர் யார் என்பது மெல்ல மறைந்துபோகிறது.

கமக்காரன் நிலைமை இன்னும் பாரமானது. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. சுண்ணக்கல்லின் அடியிலுள்ள கிணற்று நீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். துலாமிதித்து இறைத்த காலம் போய், மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் வந்துவிட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றபோது, கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலிய செம்மண் ஊர்களின் கமக்காரர் தம் உழைப்பை முதலீடு செய்தது இந்த இயந்திரத்திலும் பசளையிலுமே. 1990க்குப் பின் இயந்திரம் இருந்தது, எண்ணெய் இல்லை. நிலம் இருந்தது, பசளை இல்லை. விளைந்ததை ஏற்றி அனுப்பத் தெற்கே சந்தையும் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை யுத்தப் பிரதேசத்துள் அடங்கி 1990இல் நின்றது. ஆனையிறவு உப்பளமும் நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளரும் அவரை நம்பிய கடைக்காரரும் ஒரே காலத்தில் தெருவுக்கு வந்தனர்.

உலகச் சந்தையை இதனுடன் ஒப்பிட்டு நோக்குவோர் திகைப்பர். 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக் குவைத்தினுள் புகுந்தது. மசகெண்ணெய் விலை ஒக்டோபருக்குள் இரு மடங்குக்கு மேல் ஏறியது. 1991 ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் பக்தாத்தின் மீது குண்டு வீசத் தொடங்கின. அன்றே விலை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அமெரிக்கா வெல்லும், சவூதி எண்ணெய்க்கு ஆபத்தில்லை என்று வணிகர் ஒரே நாளில் தீர்மானித்துவிட்டனர். குண்டு விழத் தொடங்கிய நாளே அவர்களுக்குச் சந்தை அமைதியடைந்த நாள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே மண்ணெண்ணெய் கொழும்பு விலையைப் போலப் பல மடங்கு விலைக்கு விற்றது. அது ஒரு நாளில் இறங்கவில்லை, ஐந்தாண்டு இறங்கவில்லை. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் தீர்மானிக்கப்பட்ட விலையன்று அது. ஒரு காவலரணுக்கும் மற்றொரு காவலரணுக்கும் இடையிலே தீர்மானிக்கப்பட்ட விலை.

அவ்விடையிலே யார் நின்றனர்? முதலாவது, அனுமதிப் பத்திரம் பெற்ற வியாபாரியும் அப்பத்திரத்தை வழங்கியவரும். இரண்டாவது, கிளாலி நீரேரியை இரவிற் கடந்து பொருள் கொண்டு வந்தோர். அவர்களுடைய துணிவைக் குறைத்துப் பேசலாகாது. 1993 ஜனவரியில் கிளாலிக் கடலில் பயணம் செய்த பொதுமக்கள் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். அங்கு இறந்தோர் அவர்கள் மட்டுமல்லர். மூன்றாவது, அக்காலத்தில் குடாநாட்டை நிருவகித்த விடுதலைப் புலிகள் இயக்கம். அது வரும் பொருளுக்கும் போகும் பொருளுக்கும் வரி விதித்தது. குடும்பத்துக்கு இரண்டு பவுண் நகை திரட்டியது. வெளியேற விரும்பினோரிடம் அனுமதிக்கு விலை கேட்டது. தடை விதித்தவர் ஒருபுறம், தடையினால் ஏறிய விலையிற் பங்கு கொண்டோர் மறுபுறம். இதைச் சொல்வதற்கு நம்மில் பலர் இன்றும் தயங்குகின்றனர். ஒரு தரப்பைச் சொன்னால் துரோகி என்பர். மறு தரப்பைச் சொன்னால் பயங்கரவாதி என்பர். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காகச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றவள் இரு தரப்புக்கும் காசு கட்டினாள் என்பதே வரலாறு.

வேடிக்கை ஒன்றுண்டு. அரசாங்கம் ஆசிரியருக்கும் கந்தோர் உத்தியோகத்தருக்கும் மாதச் சம்பளத்தைத் தவறாது யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. தன் எதிரியின் ஆட்சியிலுள்ள ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கம் உலகில் அரிது. ஆனால் அச்சம்பளம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்ததும் அதன் வாங்குதிறனில் பெரும் பகுதியைத் தடைப்பட்டியல் தின்றுவிட்டது. பணமுள்ளோரின் பணம் மறுபுறம் ஓடியது. யாழ்ப்பாணத்துக் காணிக்கு வாங்குவோர் இல்லாத ஆண்டுகளிலே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடுகளாக உயர்ந்தது. வெடிகுண்டு வடக்கே விழ, சீமெந்து தெற்கே எழும்பியது.

இனி ஆயுதம். நம் நாட்டில் ஆயுதக் கம்பெனிகளின் பங்குகள் விற்கப்படுவதில்லை. ஆயுதத்தை வாங்குவதே நம் வேலை. இஸ்ரேலின் கிபிர் விமானங்கள் 1990களின் நடுப்பகுதியில் வந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்ததும் உக்ரேனின் மிக் - 27 விமானங்களும் பாகிஸ்தானினதும் செக் நாட்டினதும் பல்குழல் எறிகணைகளும் அவசரமாக வாங்கப்பட்டன. கிபிரின் இரைச்சலை அடையாளங் காணாத குழந்தை அக்காலத்து வடக்கில் இல்லை. அவற்றுக்கான பணத்தை ஈட்ட 1990களில் தேசியப் பாதுகாப்பு வரி என்றொன்று இருந்தது. 2002இல் பெறுமதி சேர் வரி வரும்வரை பண்டங்களின் விலைக்குள் அது மறைந்து கிடந்தது. குண்டுக்கு அஞ்சிப் பதுங்குகுழி வெட்டியவனும் குண்டின் விலையிற் பங்கு கட்டினான்.

ஆயினும் கொழும்பின் முதலாளிகள் என்றும் பாதுகாப்பாக இருந்தனர் எனல் தவறு. 1995 ஒக்டோபர் 20ஆம் நாள் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைப் புலிகள் எரித்தனர். எம்டனின் தந்திரம் எண்பது ஆண்டு கழித்தும் பழசாகவில்லை. 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கி தகர்க்கப்பட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அவருள் பெரும்பாலோர் சாதாரண ஊழியரும் வழிப்போக்கரும். 2001 ஜூலை 24ஆம் நாள் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டதும் இலண்டன் காப்புறுதிக்காரர் இலங்கைக்கு வரும் கப்பலுக்கும் விமானத்துக்கும் யுத்த அபாயக் கட்டணத்தைப் பன்மடங்கு ஏற்றினர். அந்த ஆண்டு, சுதந்திரத்தின் பின் முதன்முறையாக, நாட்டின் மொத்த உற்பத்தி வளர்வதற்குப் பதில் சுருங்கியது. அடுத்த பெப்ரவரியில் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் பதினெட்டு ஆண்டாகச் செத்தவர்களின் எண்ணிக்கையால் அசையாத பலர், காப்புறுதிக் கட்டணத்தால் அசைந்தனர் என்பதில் ஐயமில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. அவ்வாண்டு கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 125 சதவீதம் உயர்ந்தது. உலகில் மிகச் சிறந்த சந்தைகளுள் ஒன்று எனப் பாராட்டினார்கள். அதே மே மாதத்தின் இறுதியில் செட்டிகுளம் முதலிய இடங்களின் முட்கம்பி வேலிகளுக்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைபட்டிருந்தனர். சுட்டெண் பொய் சொல்லவில்லை. அது கணக்கிட எடுத்துக்கொண்டவற்றை ஒழுங்காகவே கணக்கிட்டது.

யுத்தம் முடிந்ததும் முதலீடு வரும் என்றார்கள், வந்தது. ஒன்றை மட்டும் பார்ப்போம். தேசிய மின் வலைப்பின்னலிலிருந்து அறுபட்டுக் கிடந்த குடாநாட்டுக்கு எண்ணெயை எரித்து மின்சாரம் உண்டாக்கித் தர வேண்டியிருந்தது. யுத்தம் உண்டாக்கிய இத்தேவை தனியார் கம்பெனிகளுக்கு நல்ல ஒப்பந்தமாயிற்று. சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் கம்பெனி மின் நிலையம் நடத்தியது. அதன் தாய்க் கம்பெனி கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவு பெற்றது. சில ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கக் கண்டார்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளில் மக்கள் வீதிக்கு இறங்கினர். பவுசர் வண்டிகளில் குடிநீர் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. சுண்ணக்கல் நிலத்தில் ஒரு கிணறு தனிக் கிணறன்று. அடியிலே நீர் ஊரூராகத் தொடர்புடையது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அக்கம்பெனி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 1990இல் ஒரு சிறங்கை எண்ணெய் கிடைக்காமல் தோட்டத்தை வாடவிட்ட ஊரிலே, இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கிணற்றுக்குள்ளேயே எண்ணெய் வந்துவிட்டது.

2022 பெப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. மசகெண்ணெய் மார்ச்சு மாதம் பீப்பாய்க்கு 130 டொலரைத் தாண்டியது. ஜெர்மனியின் ரைன்மெற்றல் என்னும் ஆயுதக் கம்பெனியின் பங்கு அன்றிலிருந்து மூன்றாண்டில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. எம்டன் காலத்தில் கைசரின் படைக்கு வெடிபொருள் செய்த அதே கம்பெனிதான். இலங்கை அவ்வேளை தன் சொந்தத் தவறுகளால், அந்நியச் செலாவணி வற்றி, ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. உக்ரேன் யுத்தத்தின் மீது முழுப் பழியையும் போட்ட அமைச்சர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் சுமை எந்தத் தோளில் இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். பல மாதமாக மண்ணெண்ணெய் அரிதாயிருந்தது. ஆகஸ்ட் மாதம் அதன் விலையை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்த்தினார்கள். நட்டத்துக்கு விற்க இயலாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மண்ணெண்ணெயை வாங்குவோர் யார்? மலைநாட்டு லயன்களில் விளக்கேற்றுவோர், தோட்டத்துக்கு நீரிறைப்போர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகிற் கடலுக்குப் போவோர். ஆழங் குறைந்த நீரேரியில் கோல் ஊன்றியும் வள்ளத்தை நகர்த்தலாம். ஆழ்கடலுக்கு அது உதவாது. ஓர் இரவுத் தொழிலுக்கு 20 லீற்றர் எரிப்பவனுக்கு அதுவரை 1,740 ரூபாய் செலவு. அந்த ஆகஸ்ட் மாதத்தின் பின் 6,800 ரூபாய். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு எரிந்துவிடும். கரையிலே குளிரூட்டிய லொறியுடன் நிற்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கித்தான் பலர் எண்ணெய் வாங்கினர். முற்பணம் கொடுத்தவருக்கே மீனை விற்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு.